குறி தவறாத கைகள்

தியானப் பகுதி: நியாயாதிபதிகள் 20:12-17, ஏசாயா 2:1-5



கைக்கடக்கமான துப்பாக்கி ஒன்றைப் புதிதாகப் பெற்றவன், குறிபலகையின் முன் நின்று அதைச் சுட்டுப் பார்க்கிறான். இவ்வாரத் தியானத்திற்கு இது என்ன பொருள் என்று நீங்கள் வியக்கலாம். ஆனால் நெல்லைச் சீமையில் வாழும் நமக்கு இது அந்நியமான பொருளன்று. திருநெல்வேலியிலிருந்து வடக்கே இரயிலில் செல்லும்போதெல்லாம் வாஞ்சி மணியாச்சி என்னும் பெயர்ப்பலகையைக் கடந்தே செல்கிறோம். அந்த நிலையத்தில் நிகழ்ந்ததை நம் பிள்ளைகள் பள்ளிப் பாடமாகப் படிக்கிறார்கள். அந்நிகழ்ச்சி மணியாச்சியில் தொடங்கவில்லை என்பதையும், அது தொடங்கிய இடத்தில் நமக்கு ஆண்டவர் கற்பிக்கும் பாடம் ஒன்று இருக்கிறது என்பதையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நடந்ததை முதலில் நினைவுகூர்வோம். 1911 ஜூன் 17, சனிக்கிழமை. திருநெல்வேலி மாவட்ட ஆட்சியராக இருந்த ஆஷ், தம் மனைவியுடன் காலை வண்டியில் புறப்பட்டார். கொடைக்கானலில் தங்கியிருந்த தம் பிள்ளைகளிடம் போய்ச் சேர்வதே பயணத்தின் நோக்கம். மணியாச்சிச் சந்திப்பில் வண்டி நின்றது. முதல் வகுப்புப் பெட்டியில் கணவனும் மனைவியும் எதிரெதிரே அமர்ந்திருந்தார்கள். செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறித் துப்பாக்கியை எடுத்தார். ஆஷ் தம் தொப்பியை எறிந்து தடுக்கப் பார்த்தார். குண்டு மார்பில் பாய்ந்தது. வாஞ்சிநாதன் நடைமேடையிலிருந்த கழிப்பறைக்குள் ஓடி, அதே துப்பாக்கியைத் தம் வாயில் வைத்துச் சுட்டுக்கொண்டு மாண்டார். சுடப்பட்டவருக்கு வயது 38. சுட்டவருக்கு வயது 25. ஒருவருடைய மனைவி கண்ணெதிரே கணவனை இழந்தார். மற்றொருவருடைய மனைவி பொன்னம்மாள் செங்கோட்டையில் இளம் விதவையானார்.

நாட்டு விடுதலை வரலாற்றில் வாஞ்சிநாதனுக்குரிய இடத்தை எடைபோட நான் எழுதவில்லை. அது வரலாற்றாசிரியர்களின் பணி. அவருடைய சினத்திற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 1908-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் சிறைப்பிடிக்கப்பட்டபோது திருநெல்வேலியில் எழுந்த கொந்தளிப்பின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் பலியாயின. வ.உ.சி.க்கு முதலில் விதிக்கப்பட்ட தண்டனை நாற்பது ஆண்டுகள். கோயம்புத்தூர்ச் சிறையில் அவர் செக்கிழுத்ததை நாம் அறிவோம். அநியாயத்தைக் கண்டு நெஞ்சு கொதிப்பது பாவமன்று. ஆமோசும் எரேமியாவும் கொதித்தவர்களே. கொதித்த நெஞ்சு தன் கைக்கு எதைக் கற்றுக்கொடுக்கிறது என்பதே நம்முடைய கேள்வி.

அக்கைக்குக் கிடைத்த கருவியைச் சற்று நோக்குவோம். அது பெல்ஜியம் நாட்டில் செய்யப்பட்ட பிரௌனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி. ஜான் பிரௌனிங் என்னும் அமெரிக்கர் வடிவமைத்த இவ்வகைத் துப்பாக்கிகளை, லீஜ் நகரை அடுத்த எர்ஸ்டால் என்னும் ஊரிலிருந்த தொழிற்சாலை 1900-ஆம் ஆண்டையொட்டிப் பெருமளவில் செய்து உலகெங்கும் அனுப்பத் தொடங்கியது. கட்டபொம்மன் காலத்துத் துப்பாக்கியில் ஒருமுறை சுட்டபின் மருந்து இட்டு, குண்டு இட்டு, இடித்து, மீண்டும் குறிபார்க்க வேண்டும். பிரௌனிங்கின் துப்பாக்கியிலோ ஒரு குண்டு வெளியேறும் விசையே மேற்பகுதியைப் பின்னுக்குத் தள்ளி, வெற்றுத் தோட்டாவை வெளியேற்றி, அடுத்ததை ஏற்றி வைத்துவிடும். விரலை மீண்டும் அசைத்தால் போதும். தட்டையாகவும் சிறியதாகவும் இருந்ததால் சட்டைப் பைக்குள் மறைந்துவிடும். இரண்டு குண்டுகளுக்கு இடையே மனிதனுக்கு முன்பு கிடைத்த சிறு இடைவெளியை இக்கருவி எடுத்துப்போட்டது. இந்த ‘இடைவெளி’ என்னும் சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவி கிடைத்தால் மட்டும் போதாது. கை பழக வேண்டும். 1911-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் வாஞ்சிநாதன், தாம் பார்த்துவந்த வனத்துறைப் பணியிலிருந்து விடுப்பெடுத்துப் புதுச்சேரிக்குச் சென்றார். அது பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட ஊராதலால் ஆங்கிலேயக் காவல்துறையின் கை அங்கே எட்டவில்லை. புதுச்சேரியை அடுத்த கரடிக்குப்பத்தில் அவருக்குத் துப்பாக்கி சுடக் கற்பித்தவர் வ.வே.சு. ஐயர் என்பது வரலாற்று நூல்கள் தரும் செய்தி. ஐயர் அதற்குச் சிறிது காலத்திற்கு முன்புவரை லண்டனில் இந்தியா ஹவுஸ் வட்டத்தில் இருந்தவர்.

அந்த வட்டத்திற்கும் ஒரு பயிற்சிக்கூடத்தோடு தொடர்பு உண்டு. லண்டன் டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் கட்டணம் கொடுத்துச் சுட்டுப் பழகும் கூடம் ஒன்று இருந்தது. மதன்லால் திங்ரா என்னும் பஞ்சாபி மாணவர், 1909 ஜனவரியில் தாம் வாங்கிய புதிய தானியங்கித் துப்பாக்கியோடு அங்கே வந்து, மூன்று மாத காலம் வாரத்திற்கு இரண்டு மூன்று முறை பழகினார் என்று கூடத்தின் உரிமையாளர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 1909 ஜூலை 1 அன்று மாலை ஐந்தரை மணியளவில் வந்து அவர் பன்னிரண்டு முறை சுட்டார். பதினொன்று குறியில் பட்டன. அன்றிரவே, விருந்து ஒன்று முடிந்து வெளியே வந்த கர்சன் வைலி என்னும் அதிகாரியைச் சுட்டுக் கொன்றார். தடுக்கக் குறுக்கே வந்த லால்காகா என்னும் பார்சி மருத்துவரும் குண்டுபட்டு இறந்தார். குறிபலகைக்குக் குறுக்கே யாரும் ஓடி வருவதில்லை. வாழ்க்கையிலோ ஒருவர் ஓடி வருகிறார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மணியாச்சியில் சுட்டவருக்கும் சுடப்பட்டவருக்கும் இடையே இருந்தது ஓர் இரயில் பெட்டியின் அகலம். அமர்ந்திருக்கும் ஒருவரை அவ்வளவு அருகிலிருந்து சுடுவதற்குக் கண்கூர்மை தேவையில்லை. அப்படியானால் எதற்காகப் பயிற்சி? குறிபார்ப்பதற்கு மட்டுமன்று, நடுங்காமல் இருப்பதற்கு. துப்பாக்கியின் ஓசைக்குக் காதும், அதன் உதறலுக்கு மணிக்கட்டும், விரலின் அசைவுக்கு மனமும் பழக வேண்டும். மனிதன் மீது கை ஓங்கும்போது இயல்பாகவே உள்ளுக்குள் ஒரு தயக்கம் எழுகிறது. அந்தத் தயக்கம் சிருஷ்டிகர் நம்முள் வைத்த காவல். பயிற்சி அதைச் சிறிது சிறிதாகத் தேய்க்கிறது. குறிபலகையில் வட்டங்கள் இருக்கின்றன, முகம் இல்லை. முகமில்லாத ஒன்றை நோக்கி நூறு முறை அசைந்த விரல், முகத்தின் முன்பும் அசைந்துவிடுகிறது. மணியாச்சியில் நடந்த கொலை, கரடிக்குப்பத்திலேயே பாதி நடந்து முடிந்துவிட்டது.

இதைச் சொல்லும்போது நம் சபையிலுள்ள காவல்துறைச் சகோதரரையும், இராணுவத்தில் பணிசெய்து திரும்பியவர்களையும், துப்பாக்கி சுடுதலை விளையாட்டாகப் பயிலும் இளைஞரையும் நான் குறைகூறவில்லை. அவர்கள் பயிலும் இடத்தில் சட்டமும் கட்டளையும் இருக்கின்றன; எப்போது சுடக் கூடாது என்பதே அங்கே முதற்பாடம். தம் விரலை அடக்கக் கற்றவரைப் பற்றி நமக்குக் கவலையில்லை. சினத்தைத் தனிமையில் வளர்த்து, அதற்கு ஒரு குறிபலகை அமைத்துக் கொடுப்பவரைப் பற்றியே கவலை.

இனி வேதத்திற்கு வருவோம். நியாயாதிபதிகள் 20-ஆம் அதிகாரத்தில் இடதுகை வாக்கான எழுநூறு வீரர்கள் வருகிறார்கள். ஒரு மயிரிழையைக் குறியாக வைத்தாலும் தவறாமல் கவண்கல் எறியக்கூடியவர்கள் அவர்கள். அந்தத் திறமை ஒரு நாளில் வந்திருக்காது. பென்யமீன் நாட்டு மலைச்சரிவுகளில் எத்தனை பிள்ளைப்பருவ மாலைகள் அதற்காகக் கழிந்திருக்கும்! இவ்வளவு அருமையான கைத்திறன் எதற்குப் பயன்பட்டது? கிபியாவில் ஒரு பெண்ணைக் கொடூரமாகச் சீரழித்துச் சாகடித்த கயவரை ஒப்புக்கொடுங்கள் என்று மற்றக் கோத்திரத்தார் கேட்டார்கள். பென்யமீனர் மறுத்துவிட்டார்கள். குற்றம் நடந்ததா என்று அவர்கள் ஆராயவில்லை. “இவர்கள் நம்மவர்கள்” என்பதே அவர்களுக்குப் போதுமான நியாயமாக இருந்தது. நம்மவன் என்பதற்காகக் குற்றவாளியின் பின்னே ஒரு கோத்திரமே திரண்டு நின்றது. முடிவில் பென்யமீனில் எஞ்சி ரிம்மோன் கன்மலைக்கு ஓடியவர்கள் அறுநூறு பேர் மட்டுமே.

எபிரெய மூலத்தில் இப்பகுதி இன்னும் ஆழமானது. அந்த வீரர்கள் குறி தவறமாட்டார்கள் என்று சொல்லுமிடத்தில் வரும் வினைச்சொல் ‘ஹாத்தா’. பழைய ஏற்பாட்டில் ‘பாவம் செய்தல்’ என்பதற்கு வழங்கும் சொல்லும் அதுவே. குறி தவறுதலே பாவம். புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்திலுள்ள ‘ஹமார்த்தியா’ என்னும் சொல்லின் வேரிலும் இதே பொருள் கிடக்கிறது. மயிரிழையும் தவறாதவர்கள் தேவன் வைத்த குறியை முற்றிலும் தவறவிட்டார்கள். பிரியமானவர்களே, கை எவ்வளவு துல்லியமாகக் குறியைத் தொடுகிறதோ அவ்வளவுக்கு ஆத்துமா குறியைத் தவறவிடும் வேளைகள் உண்டு. நினைத்த இடத்தில் தைக்கும்படி ஒரு சொல்லைக் கூர்தீட்டிப் பேசி, “நன்றாகக் கேட்டுவிட்டேன்” என்று நாம் நிறைவோடு திரும்பும் நாட்களும் அவ்வேளைகளைச் சேர்ந்தவையே.

இந்தப் பாடம் நம் சீமைக்கு மட்டும் உரியதன்று. 1914 ஜூன் 28 அன்று சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரையும் அவருடைய மனைவியையும் சுட்ட பிரின்சிப் என்னும் இளைஞனுக்கு வயது 19. அவன் கையிலிருந்ததும் எர்ஸ்டால் தொழிற்சாலையின் பிரௌனிங் கைத்துப்பாக்கியே. அவனும் அவன் தோழர்களும் அதற்குமுன் பெல்கிரேடு நகரப் பூங்கா ஒன்றில் மரங்களிடையே சுட்டுப் பழகியிருந்தார்கள். மணியாச்சிக்கு முன்னே கரடிக்குப்பம். சரயேவோவுக்கு முன்னே ஒரு பூங்கா. எந்தக் கொடுஞ்செயலுக்கு முன்பும், யார் கண்ணிலும் படாத ஒரு பயிற்சிக்களம் இருந்திருக்கிறது.

காயீனை நினைத்துப் பாருங்கள். அவன் முகம் வேறுபட்டதற்கும் வயலில் தம்பிமேல் கை வைத்ததற்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில்தான் கர்த்தர் அவனோடு பேசினார். பாவம் வாசற்படியில் படுத்திருக்கிறது என்றும், அதை அவன் ஆண்டுகொள்ளக் கூடும் என்றும் எச்சரித்தார் (ஆதியாகமம் 4:6-7). சினத்திற்கும் செயலுக்கும் நடுவேயுள்ள இடைவெளி தேவன் நம்மோடு பேசும் இடம். அதைக் குறைத்துக்கொண்டே போவது தீய பயிற்சி. அதை நீட்டிக்கொண்டே போவது பக்திக்குரிய பயிற்சி. கோபிக்கத் தாமதமாயிருக்கும்படி யாக்கோபு கற்பிப்பதும் (1:19) இதைத்தான். தாமதம் என்றால் இடைவெளி.

இனி, துப்பாக்கி சுடக் கற்பித்த வ.வே.சு. ஐயரின் பிற்கால வாழ்க்கையைப் பாருங்கள். அது நம் தாமிரபரணிக் கரைக்கே வந்து சேர்கிறது. புதுச்சேரியில் இருந்த ஆண்டுகளில் அவர் திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். பின்னர்ப் படைக்கல வழியைக் கைவிட்டுக் காந்தியடிகளின் அகிம்சை வழிக்கு வந்தார். 1922-இல் சேரன்மாதேவியில் பிள்ளைகளுக்காக ஒரு குருகுலம் நடத்தத் தொடங்கினார். சுடக் கற்பித்த கை எழுதக் கற்பிக்க வந்தது. இது எளிய மாற்றமன்று. மனிதன் கற்றதை மறந்து வேறொன்றைக் கற்க முடியும் என்பதற்கு அவர் சான்று. 1925-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பாபநாசத்திற்கு மேலேயுள்ள கல்யாண தீர்த்தத்தில் நீருக்குள் விழுந்த தம் மகள் சுபத்திரையைக் காப்பாற்றக் குதித்து, மகளோடு தாமும் மறைந்தார். உயிரைப் பறிக்கப் பயிற்றுவித்தவரின் கடைசிச் செயல், ஓர் உயிரைக் காக்கத் தம்மையே கொடுத்ததாக இருந்தது. அகத்தியர் அருவிப் பக்கம் செல்லும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆயினும் அந்தக் குருகுலத்தின் வரலாற்றில் ஒரு வருத்தமான பக்கமும் உண்டு. அங்கே பயின்ற பிராமண மாணவர் இருவருக்கு மற்றப் பிள்ளைகளோடு சேராமல் தனியே உணவு பரிமாறப்பட்டது. அச்செய்தி தமிழ்நாடெங்கும் பெரும் எதிர்ப்பை எழுப்பியது. பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் அதைக் கண்டித்தார்கள். துப்பாக்கியைக் கீழே வைத்த இடத்திலும் பந்திக் கோடு அழியவில்லை. நான் இதைச் சொல்வது ஒருவரைத் தாழ்த்துவதற்காக அன்று. வெடிமருந்தின் ஓசை இல்லாத பயிற்சிக்களங்களும் உண்டு என்று காட்டுவதற்காகவே. நாள்தோறும் மூன்று வேளை, “இவன் உன்னோடு அமரத் தக்கவன் அல்லன்” என்று பிள்ளையின் உடலுக்கே கற்பிக்கும் பந்தியும் ஒரு பயிற்சிக்களமே. அங்கேயும் எதிரிலிருப்பவனின் முகம் மறைகிறது. குறிபலகை மட்டும் எஞ்சுகிறது.

நம் காலத்திற்கு வருவோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனும், அவனைக் காக்க வந்த தங்கையும், உடன் படித்த மாணவர்களாலேயே வீடு புகுந்து அரிவாளால் வெட்டப்பட்டார்கள். அதன்பின் பள்ளிகளில் சாதி உணர்வைக் களைவதற்கு வழி கூற அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அளிக்கப்பட்ட அறிக்கை, மாணவர் கையில் கட்டும் வண்ணக் கயிறு உள்ளிட்ட சாதி அடையாளங்களைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. 2025 ஏப்ரலில் நம் பாளையங்கோட்டையிலேயே ஒரு வகுப்பறையில் எட்டாம் வகுப்பு மாணவன் சக மாணவனை அரிவாளால் வெட்டினான். தடுத்த ஆசிரியையும் காயமடைந்தார். புத்தகப் பைக்குள் அரிவாள் புகுந்த நாளில்தான் அச்செயல் தொடங்கியது என்று எண்ணாதீர்கள். பதின்மூன்று வயதுக் கை எங்கோ பழகியிருக்கிறது.

எங்கே பழகுகிறது? திடப்படுத்தல் ஆயத்த வகுப்பில் பிள்ளைகளிடம் நான் கேட்பதுண்டு: “உன்னை ஒருவன் அவமதித்தால் முதலில் என்ன செய்வாய்?” பலமுறை எனக்குக் கிடைத்த விடை இதுதான்: “சும்மா விட்டா நம்மள மதிக்க மாட்டாங்கல்லா ஐயா.” இது பதினான்கு வயதுப் பிள்ளையின் சொந்த வாக்கியமன்று. வீட்டுத் திண்ணையில், தொலைபேசிப் பேச்சில், திருமண வீட்டில் பெரியவர்கள் பேசியதைக் கேட்டுப் பழகியது. கைப்பேசியில் முப்பது வினாடிக் காட்சிகளில் அரிவாளும் சாதிப்பெயரும் இசையோடு வருகின்றன. பிள்ளை அதை நாளுக்கு நூறு முறை விரலால் நகர்த்திப் பார்க்கிறான். ‘ஸ்டேட்டஸ்’ வைக்கிறான். ஒவ்வொரு முறையும் தயக்கம் ஓர் இழை தேய்கிறது. புதுச்சேரி வரை போகத் தேவையில்லாத பயிற்சிக்களம் அது. அவன் படுக்கையிலேயே இருக்கிறது.

சபையாகிய நாமும் இதற்கு அப்பால் நிற்கவில்லை. திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பங்குபெறுகிறோம். ஆனால் திருமணப் பேச்சிலும் சேகரத் தேர்தலிலும், சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும்கூட, “நம்மவர்கள்” என்னும் பென்யமீனரின் சொல்லையே சொல்கிறோம். ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் ஒன்றாக முழங்காற்படியிட்டு, மற்ற நாட்களெல்லாம் பிரிந்து நிற்கப் பழகினால், பிள்ளையின் உடல் எதைக் கற்றுக்கொள்ளும்?

ஏசாயா 2:4-ஐ நாம் கிறிஸ்து பிறப்பின் ஆயத்த நாட்களில் வாசிக்கிறோம். பட்டயங்கள் கலப்பைக் கொழுவாக அடிக்கப்படும் என்ற பகுதியை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதே வசனத்தின் கடைசிப் பகுதியைக் கவனிப்பவர் குறைவு. ஜனங்கள் இனி யுத்தத்தைக் கற்பதில்லை என்று தீர்க்கதரிசி சொல்லுகிறார். போர் மனிதனுக்கு இயல்பாக வருவதன்று, கற்றுக்கொள்ளப்படுவது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆயுதத்தை உருக்கினால் மட்டும் சமாதானம் வராது. கல்வியும் மாற வேண்டும். அரிவாளைக் காவல்துறை பறிமுதல் செய்யலாம். கற்றதை மறக்கச் செய்வது வீட்டின் பணி, பள்ளியின் பணி, சபையின் பணி.

“தாவீதின் கைகளை யுத்தத்திற்குப் பழக்கினவர் கர்த்தர் அல்லவா?” என்று சங்கீதம் 144-ஐ எடுத்துச் சிலர் கேட்பார்கள். கேட்கத் தகுந்த கேள்விதான். ஆனால் அதே தாவீது ஆலயத்தைக் கட்ட விரும்பியபோது, அவன் திரளான இரத்தத்தைச் சிந்தினவன் என்பதால் கர்த்தர் அதற்கு இடங்கொடுக்கவில்லை (1 நாளாகமம் 22:8). தேவன் அவனைக் கைவிடவில்லை. அவனைத் தம் இருதயத்திற்கு ஏற்றவனாகவே வைத்திருந்தார். எனினும் போருக்குப் பழகிய கைக்கு ஆலயக் கல்லைத் தொடும் பேறு கிடைக்கவில்லை. நியாயமான யுத்தமும் கையில் ஒரு தழும்பை விட்டுச்செல்கிறது.

கடைசியாகக் கெத்செமனேக்கு வாருங்கள். சீஷரிடத்தில் இரண்டு பட்டயங்கள் இருந்தன (லூக்கா 22:38). பேதுரு வலை வீசப் பழகியவன். பட்டயத்திற்குப் பழகியவன் அல்லன். அவன் வெட்டியபோது பிரதான ஆசாரியனுடைய வேலைக்காரனின் காது அறுந்தது. அவன் பெயரையும் யோவான் நமக்குத் தருகிறார்: மல்குஸ் (18:10). சுவிசேஷம் அவனை முகமற்ற குறிபலகையாக விட்டுவிடவில்லை. ஆண்டவர் அவன் காதைத் தொட்டுச் சொஸ்தமாக்கினார். சிலுவைக்கு முன் இயேசு செய்ததாகச் சுவிசேஷங்கள் கூறும் கடைசிக் குணமாக்குதல் இதுவே. அவருடைய கைகள் கட்டப்படுவதற்கு முன் கடைசியாகச் செய்த வேலை, தம் சொந்தச் சீஷன் உண்டாக்கிய காயத்தை ஆற்றியது. அந்தக் கைக்கு நடுக்கம் இல்லை. அதுவும் பழகிய கைதான். குஷ்டரோகியைத் தொட்டு, பிள்ளைகளை அணைத்து, சீஷரின் கால்களைக் கழுவிப் பழகிய கை. அதனால் சத்துருவின் காது அறுந்த நொடியில், யோசிக்கத் தேவையின்றி, அது ஆற்றுவதற்கு நீண்டது.

இதுவே நாம் பெறவேண்டிய பயிற்சி. நன்மை தீமையைப் பகுத்தறியப் பயிற்சியினால் பழகிய உணர்வுகளைப் பற்றி எபிரெயர் 5:14 பேசுகிறது. பவுலும் தீமோத்தேயுவிடம் பக்திக்கேதுவாகத் தன்னைப் பழக்கிக்கொள்ளச் சொல்லுகிறார் (1 தீமோத்தேயு 4:7). அன்பு அவசர வேளையில் திடீரென வராது. முன்பே பழகியிருந்தால்தான் வரும்.

ஆகையால் இவ்வாரத்தில் மூன்று காரியங்களைச் செய்யும்படி உங்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன். முதலாவது, பெற்றோரே, இரவு உணவு வேளையில் யாரைப் பற்றியும், எந்தச் சாதியாரைப் பற்றியும் இழிவாக ஒரு சொல்லும் பேசாதிருங்கள். ஏழு நாள் பழகிப் பாருங்கள். இரண்டாவது, வாலிபப் பிள்ளைகளே, கோபத்தில் அனுப்பத் தோன்றும் செய்தியை அனுப்பாமல் ஓர் இரவு வைத்திருங்கள். அந்த இடைவெளியில் கர்த்தர் காயீனோடு பேசியதுபோல உங்களோடும் பேசுவார். மூன்றாவது, உங்கள் வீட்டில் இதுவரை உணவருந்தாத ஓர் அயலாரை, வேறு தெருவிலுள்ள ஒருவரை, உங்கள் பந்தியில் அமரச் செய்யுங்கள். பிள்ளைகள் அவருக்குத் தங்கள் கையால் பரிமாறட்டும். குறிபலகையாக இருந்த ஒருவர் முகமாக மாறுவதை அவர்கள் அறியட்டும்.

ஜெபம்: எங்கள் கைகளை உருவாக்கின ஆண்டவரே, அவை எதற்குப் பழகியிருக்கின்றன என்பதை நீர் அறிவீர். எங்கள் சினத்திற்கும் செயலுக்கும் நடுவே வந்து நில்லும். தாமிரபரணிக் கரையில் வளரும் எங்கள் பிள்ளைகளின் பைகளில் புத்தகமும் உணவும் மட்டும் இருக்கும்படி காத்தருளும். காயப்படுத்தப்பட்ட பிள்ளைகளை ஆற்றும். காயப்படுத்திய பிள்ளைகளையும் மீட்டுக்கொள்ளும். மல்குஸைத் தொட்ட உமது கையின் பழக்கத்தை எங்கள் கைகளுக்குக் கற்றுத்தாரும். சமாதானப் பிரபுவாகிய இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.